ஜன்னலோர ஏழிலைப்பாலை

நிக்டி, புனே

சந்திரிகாவுக்கு,

இங்கே நான் நலம். உன் இளைப்பு எப்படி இருக்கிறது? நான் கூப்பிட்டபோதெல்லாம் புனே குளிர் ஆகாதென்று அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டாய். இப்போது அண்ணியோடு ஒத்துப்போகவில்லை என்றதும் தீபாவளிக்கு இங்கே வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய்.

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் வெளிர்பச்சையாகக் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கிறது. சாயங்காலமானால் அதன் வாசனை தலையைப் பிளக்கிறது. பெயர் தெரியாமல் படமெடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாடிவீட்டுக் குல்கர்ணி அம்மாள் சப்தபர்ணி என்றார். கீழ்வீட்டு மனுவேல் வாத்தியார் நேரிலேயே வந்து, ஒரு கொத்தை ஒடித்து இலைகளை எண்ணினார்.

"நம்ம ஏழிலைப்பாலைதான் சார். இளைப்புக்காரங்களுக்கு இந்த வாசனை ஆகவே ஆகாது. வீட்டம்மா வர்றாங்கன்னீங்களே, சொசைட்டியில சொல்லி இந்தப் பக்கத்துக் கிளைய வெட்டிரலாமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.

மெஸ் சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள நீ போடும் மோர்மிளகாய் இருந்தால் நன்றாயிருக்கும். கொஞ்சம் கூரியரில் அனுப்பு. நீ எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

அருணாச்சலம்