பேசிக்கொண்டே ஓடும் வேகம்

ஞாயிறு, காலை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நலமாகத்தான் இருக்கிறேன், பதறாதே. வீட்டு முகவரிக்குப் போடாமல் உன் அலுவலகத்துக்கு ஏன் கடிதம் வருகிறது என்று திகைத்திருப்பாய். போனில் பேசினால் என் மகன் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான். செய்தி அனுப்பினால் உனக்கு முன்னால் அவன் படித்துவிடுகிறான். இது உனக்கு மட்டும்.

போன வாரம் நீ போனில், "இந்த வயசுல ஓட்டமெல்லாம் வேணாம் அத்தை, விழுந்து வெச்சா யார் பாக்கறது" என்றாய். அது அவன் சொல்லிக் கொடுத்த வசனம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "எவ்ளோ நேரம் நிக்காம ஓடுறீங்க?" என்று கேட்டாயே, அது நீ கேட்டது. அதற்குத்தான் இந்தப் பதில்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுதாகி நான்கு நாள் நின்றுவிட்டது. சலவையான படுக்கை விரிப்புகளை வார்டு வார்டாகக் கொண்டுபோய் அடுக்குவது என் வேலை அல்லவா? விரிப்பு மூட்டையோடு படியேறினேன். நாலாவது மாடியில் மூச்சு வாங்கி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். அவருக்கு உன் வயதுதான் இருக்கும். மறுநாளே ஒரு தாளை நீட்டினார். "உக்காந்தே பாக்கற வேலைம்மா. கீழ் ரூம்ல கிழிஞ்ச துணியைத் தனியா பிரிச்சு வெக்கணும், அவ்ளோதான். ஒரு கையெழுத்து போடுங்க." ஜன்னல்கூட இல்லாத அறை அது. கிழிந்த துணியோடு என்னையும் தனியாகப் பிரித்து வைக்கிறார்கள் என்று புரிந்தது. "மூணு மாசம் கழிச்சு வாங்க, அப்பப் பாக்கலாம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பூங்காவுக்குப் போய் ஓடினேன். நாய் துரத்துகிறவள் போல ஓடினேன். இரண்டு விளக்குக் கம்பம் தாண்டவில்லை, விலாவில் குத்திப் பிடித்தது, கண்ணை இருட்டியது. மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் போய் நின்றேன். அவள் முதலில் என்னை இதய டாக்டரிடம் அனுப்பினாள். ஓடலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள். "நீங்க ஓடலைம்மா, தப்பிச்சுப் போறீங்க. பேசிக்கிட்டே ஓட முடியணும். பேச்சு நின்னுதுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடி. தோளைத் தளர்த்தி, மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். வாரத்துக்கு மூன்றே நாள் என்றாள்.

தனியாக ஓடுகிறவள் யாரிடம் பேசுவது? மேற்பார்வையாளரைத் திட்டிக்கொண்டே ஓடினேன். அவர் தீர்ந்ததும் உன் புருஷனை ஆரம்பித்தேன். அவன் விஷயத்தில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். எதிர் வீட்டுக்காரி அதை வீடியோ எடுத்து அவனுக்கே அனுப்பிவிட்டாள். "மானம் போகுதும்மா" என்று போன் செய்து கத்தினான். "போனாப் போகட்டும்டா, எடையாவது குறையும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒருநாள் திட்டுவதற்கு ஆளே மிச்சமில்லை. உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். உடனே பேச்சு நின்றுவிட்டது. வேகம் கூடியதால் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு காலை, ஓடிவிட்டு வந்து முகம் சிவக்க வாசலில் நின்றாய். "இந்த வீட்டு மருமக தெருவுல ஓட மாட்டா" என்று அன்று சொன்னது என் மகன் இல்லை, நான்தான். உன் ஷூவைப் பரணில் தூக்கிப் போட்டதும் நான்தான். போன மாதம் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தேன். அடிப்பாகம் கையோடு பொடிப் பொடியாக உதிர்ந்தது. ஆறு வருடம் ஓடாமல் கிடந்தால் வேறென்ன ஆகும்? இறங்கத் தோன்றாமல் அங்கேயே நின்றிருந்தேன். ஊர் என்ன சொல்லும் என்றுதானே அன்று உன்னைத் தடுத்தேன்! இன்று அதே ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, ஒரு குடியும் முழுகிவிடவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நேற்று இருபத்தாறு நிமிடம், நிற்காமல். முதல் பத்து நிமிடம் இன்னமும் உடம்பு முரண்டு பிடிக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் மூச்சும் காலும் தாமாகவே ஒத்துப்போகின்றன. உனக்கு இருபது வயதிலேயே தெரிந்திருந்த சுகம் எனக்கு ஐம்பத்தேழில்தான் தெரிகிறது.

முந்தாநாள் மேற்பார்வையாளர் மறுபடி தாளோடு வந்தார். "நாலாவது மாடிக்கு வாங்க, பேசிக்கிட்டே போவோம்" என்று மூட்டையை எடுத்துக்கொண்டு படியேறினேன். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மூன்றாவது மாடியில் அவர் பேச்சு நின்றுவிட்டது. நான் மேலே போய் விரிப்புகளை அடுக்கிவிட்டு இறங்கி வந்தேன். அப்போதும் அவர் அங்கேயேதான் நின்றார். தாளை அவரே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நீ இப்போதெல்லாம் இரண்டு மாடி ஏறினாலே களைத்துப் போகிறாய் என்று அவன் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைப் படித்த மறுநாள் காலை வெளியே கிளம்பு. பழைய வேகத்தைத் தேடாதே. ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட. துணைக்குப் பேச்சு வேண்டுமென்றால் என்னைத் திட்டிக்கொண்டே ஓடு. ஆறு வருடத்துக்குண்டான சரக்கு உன்னிடம் இருக்கும், ஒன்றையும் மிச்சம் வைக்காதே. அவன் முணுமுணுத்தால் போனை அவன் கையில் கொடுத்து என்னோடு பேசச் சொல்.

மூச்சு முட்டாமல், முழங்கால் நோகாமல், யாரிடமும், என்னிடம்கூட, கேட்காமல் நீ நெடுந்தூரம் ஓட வேண்டும்.

உன் அத்தை