சம்பந்தி அனுப்பிய ஆப்பிளும் பேரிக்காயும்

ஜனவரி 6, செவ்வாய்
பனி. எட்டு மணி வரை மலை தெரியவில்லை. ஜெராக்ஸ் கடை திறந்ததும் மூன்று பட்டா விண்ணப்பம். ஒன்றில் எழுத்து கோழி கிண்டினது மாதிரி. படித்துவிட்டேன்.

லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா ஆர்தர் வாட்ஸ்அப்பில் மறுபடி படம் அனுப்பியிருக்கிறார். நேற்று நாய், எலும்பு. நாய் வளர்க்கிறார் போல. இன்று ஆப்பிள், பேரிக்காய், பக்கத்தில் பிரவுன் ரொட்டி. அவர் இங்கிலீஷ் எனக்குப் புரியாது, என்னுடையது அவருக்கு. படமே வசதி. கல்யாணத்துக்கு வந்தால் என்ன சாப்பிடுவார் என்று சொல்கிறார். இதுகூடவா தெரியாது?

செய்ய:
– ஆப்பிள், பேரிக்காய் (சீர்த்தட்டுக்கும் ஆகும்)
– பேக்கரியில் பி. ரொட்டி, ஒரு வாரத்துக்கு
– மகள் கீதாவுக்கு ஞாபகப்படுத்த: மலைமேல் முருகன் கோயிலில் தாலி. சம்பந்திகள் எல்லாரும் 365 படியும் ஏறி வருவதாக என் வேண்டுதல்.

ஜனவரி 8, வியாழன்
சுள்ளென்று வெயில். லண்டனிலிருந்து கீதா பேசினாள். ஆர்தர் இன்னும் டிக்கெட் போடவில்லையாம். ரொட்டிக்குச் சொல்லிவிட்டேன், தைரியமாக வரச் சொல் என்றேன். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

ஆர்தர் மாதிரி கிழக்கு லண்டன்காரர்களுக்கு ஒரு விளையாட்டுப் பேச்சு. காக்னி என்று பெயராம். சொல்ல வேண்டியதை விட்டு, அதே ஓசையில் முடிகிற வேறொன்றைச் சொல்வது. ‘டாக் அண்ட் போன்’, அந்த நாயும் எலும்பும், என்றால் டெலிபோன். ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்றால் ஸ்டேர்ஸ், படிக்கட்டு. ‘பிரவுன் பிரெட்’ என்றால் டெட்.

“அம்மா, அவரு சாப்பாட்டு லிஸ்ட் அனுப்பல. படி ஏறினா செத்துடுவேன்னு சொல்லிக்கினு இருக்காரு.”

போன வருஷம் அவருக்கு முட்டி ஆபரேஷன். என் வேண்டுதலை மறுக்கக் கூச்சம். வராமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாராம்.

தாலுக்கா ஆபீஸ் கிறுக்கலெல்லாம் படிக்கிறவள் நான். வெட்கமாகப் போயிற்று. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“ஏற முடியுமான்னு அவர ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லை. கோபம், என் மேலேயேதான்.

ஜனவரி 9, வெள்ளி
மேகமூட்டம். விடிந்ததும் படியேறினேன். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். இந்த முட்டிக்கே இப்படி. மேலே போய் முருகனிடம் நேராகச் சொல்லிவிட்டேன். வேண்டிக்கொண்டது நான், கால் அவருடையது. இன்று ஏறியது அவர் பங்கு. கல்யாணத்தன்று என் பங்கு.

கார் என்பதற்கு அவர்கள் பேச்சில் ‘ஜாம் ஜார்’. நேற்றே கீதாவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். கட்டைப்பையில் ஜாம் பாட்டில் கொண்டுபோயிருந்தேன். மலைப்பாதையில் வந்த கார்கள் நிற்கிற இடத்தில், சுவர்மேல் அதை வைத்து, பின்னால் கோபுரம் தெரிகிற மாதிரி ஒரு படம். அனுப்பினேன். பஸ்ஸில் கீழே வந்தேன்.

மூன்று மணிக்குப் பதில். புதிர் இல்லை. விமான டிக்கெட், அவர் பெயரில். கடையில் ஆட்கள் நிற்கும்போதே கண் கலங்கிவிட்டது. கலரில் ஒரு பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

பழம் வரட்டும். ரொட்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு வாசலுக்கே அது வரக் கூடாது.