கூடுதலாகக் கிடைத்த ஒரு நாள்

அன்புள்ள அம்மா,

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா பெட்டி அடுக்குகிறார். காலை ரயிலில் லியோன் நகரத்துக்குப் போகிறார், இனி வரமாட்டாராம். "எக்ஸ் கதிர்க் கூடத்துல அம்மாவுக்கு ஆராய்ச்சி பண்ணக் குடுத்த நாள் முடியறவரைக்கும் அவகிட்ட வாயைத் திறக்காதே. ஒரு வருஷமா காத்திருந்தா" என்றார்.

இன்று ராத்திரி நீ வந்துவிடுவாய் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

சாயங்காலம் போனில் கத்தினாய்: "குட்டி, படிகத்துக்குள்ள காந்த அலை ஓடுது! உள்ள போன கதிர் சக்தி குறைஞ்சு திரும்பி வந்துச்சு, அதை வெச்சே பிடிச்சுட்டோம்!"

"சூப்பர்மா" என்றேன். என் குரல் குறைந்ததை நீ பிடிக்கவில்லை.

"தூங்குமூஞ்சி, இதைக் கேளு! இன்னும் ஒரு நாள் குடுத்திருக்காங்க!"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு போனை வைத்தேன் அம்மா.

உன் மகள்