கன்னத்துச் சிவப்பு

மாஸ்கோ, மார்ச் மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் கிளாஷா வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? தம்பி எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா? நான் நலம். பள்ளியில் இலக்கணத்தில் முதலாவதாக வந்தேன்.

அப்பா தேறிவிட்டாரா என்று பார்க்க, அவர் முகத்தை அவரையே வரைந்து அனுப்பச் சொன்னீர்கள். வரைந்துவிட்டார். நேற்று தன் படத்தை வாங்க வந்த வியாபாரி மனைவி பெலகேயா அதைப் பார்த்தார்.

"என் தாடை மருவக்கூட விடாம போட்டீரு. உமக்கு மட்டும் கன்னத்துல ரெண்டு ஆப்பிளா, ஓவியரே?"

"கண்ணாடியில தெரிஞ்சதத்தான் போட்டேன், அம்மணி. உங்க மருவும் நல்லாத்தான் வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பில் அப்பாவுக்கு இருமல் வந்தது, வெகுநேரம் ஓயவில்லை.

அம்மா, அந்தச் சிவப்பைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். காசநோய் முற்றினால் காய்ச்சலில் கன்னம் அப்படித்தான் சிவக்கும் என்று மருத்துவர் சொன்னார். அப்பா யாருக்கும் பொய்யாக வரைந்ததில்லை, உங்களுக்கும் வரையவில்லை.

கம்பளிக் காலுறையும் உலர்ந்த ராஸ்பெரியும் வேண்டும், நீங்களே கொண்டு வாருங்கள் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் இந்தக் கடிதமும் படமும் வருவது நம் ஊருக்குப் புறப்படும் கடைசிப் பனிச்சறுக்கு வண்டியில். ஆற்றுப் பனி உருகுகிறது. சேறு காய்ந்து பாதை திறக்க மே மாதம் ஆகுமாம்.

அப்பா மே மாதம் வரை இருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் தன் தொப்பியைத் தேடத் தொடங்கினார்.

வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். அப்பா தூங்குகிறார்.

உங்கள் கிளாஷா