மேற்றிராணியார் வந்த நாளில் அகஸ்டினா

சேசு மாதா துணை

ஹாலிஎல
1925 ஆவணி

மலாயா தேசத்துக் கிள்ளான் ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா இருக்குற அருமை மகன் தேவதாசனுக்கு, அம்மா அருளாயி ஆசீர்வாதம் சொல்லி எழுதுறது. ராசா, உடம்புக்கு இங்க யாருக்கும் ஒரு கொறையும் இல்ல, அப்பா நெஞ்சுச் சளிகூட இந்த மழைக்கு வரல, அந்த மட்டும் மாதாவுக்குத் தோத்திரம். நீ அங்க வேளாவேளைக்குச் சாப்புட்டு நல்லா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நானும் சாப்புடுறேன். ஆனா மனசு மட்டும் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. அடுப்படிக்குப் போனா வாசலுக்கு வரச் சொல்லுது, வாசலுக்கு வந்தா எதுக்கு வந்தேன்னு மறந்து போகுது. எல்லாம் உன் தங்கச்சி அகஸ்டினாவாலதான். யாராவது அரைகுறையா உனக்கு எழுதறதுக்கு முன்னால நானே எழுதிடலாம்னு உக்காந்தேன்.

ரயில் இப்ப பதுளை வரைக்கும் போகுதுல்ல, அதோட ஒரு பயாஸ்கோப்பு கொட்டகையும் வந்து எறங்கிருச்சு. பங்குச் சாமியார் பாக்கலாம்னு சொன்ன படம்னு கேள்விப்பட்டு உன் அப்பாகிட்ட கெஞ்சி அவள நான்தான் கூட்டிட்டுப் போனேன். வெள்ளக்காரத் தேசத்துல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, ஒண்ணா வளந்ததுங்க. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்துருது, மத்தவ மலை மேல இருக்குற சிலுவைக்கிட்ட போயி மண்டி போட்டு, இவளப் பொழைக்க வையின்னு கேக்குறா, பனி கொட்டக் கொட்டக் கேக்குறா. எறங்கி வந்து பாத்தா கூட்டாளி போயிட்டா. அதுக்கப்பறம் அந்தப் புள்ள கோயில் பக்கமே போகாம வளந்து பெரிய பொம்பளையாயிர்றா. படம் பேசாதுல்ல, ஒருத்தர் கம்ப வச்சுக்கிட்டு தமிழ்ல கதை சொன்னாரு. வர்ற வழியெல்லாம் இவ என்னைய, அந்தப் புள்ள கேட்டது தப்பா, சாமி குடுக்காதது தப்பான்னு போட்டுக் கொடையுறா. எனக்கு என்ன தெரியும், பேசாம வாடின்னுட்டேன்.

மொய்தீன் மொதலாளி மக ஹம்ஸியாவ உனக்கு ஞாபகம் இருக்கும், பதுளைக் கடைத்தெருவுல புடவைக் கடை வச்சிருக்காரே, அவரு மக. மிசன் பள்ளிக்கூடத்துல இதுங்க ரெண்டும் ஒரே பெஞ்சு. வயசுக்கு வந்ததும் ஹம்ஸியாவ வீட்டோட வச்சுட்டாங்க, அதுலருந்து எந்தச் சாக்குலயாவது இவ கடைக்குப் பின்னால இருக்குற அவங்க வீட்டுக்குப் போயிருவா. படம் பாத்த அடுத்த வாரமே என்னைய இழுத்துக்கிட்டுப் போயி, முழுக் கதையையும் நடிச்சே காட்டுனா. ஹம்ஸியா எல்லாத்தையும் கேட்டுட்டு, ஏன்டி அவ எதுக்கு மலைக்குப் போனா, கூட்டாளி பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாம்லன்னு சிரிச்சுது. நானும் சிரிச்சேன். இவ சிரிக்கல. ஊர் வந்து சேர்ற வரைக்கும் ரயில்ல சன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். போன மாசம் மேற்றிராணியார், அதான் நம்ம பிஷப்பு, புள்ளைங்க நெத்தியில எண்ணெய் பூசி உறுதிபூசுதல் குடுக்க பதுளைக் கோயிலுக்கு வந்தாரு. அவரு இந்தப் பக்கம் வந்து எத்தன வருசம். அப்பா கோட்டுப் போட்டுக்கிட்டாரு, அவளுக்கு வெள்ளச் சட்டை நானே தச்சேன். ரயில்ல வெத்திலக்கார நல்லையா ஏறுனவரு எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு, மொய்தீன் மொதலாளி மகளுக்கு நெருப்புக் காய்ச்சலாம், டாக்டர் கைய விரிச்சுட்டாராம்னு சும்மா பேச்சு வாக்குல சொல்லிட்டாரு. இவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. பூசை முடிஞ்சதும் போயிப் பாத்துட்டு வருவோம்னு நான் கையப் புடிச்சுச் சொன்னேன், தலைய ஆட்டுனா. கோயில்ல புள்ளைங்களோட வரிசையில நின்னவளத்தான் கடைசியாப் பாத்தேன். ஞானோபதேசம் சொல்லிக்குடுக்குற உபதேசியார் ஒவ்வொரு பேராக் கூப்புட்டு வந்தாரு, அப்பா பேரையும் சேத்து அகஸ்டினா லூக்காஸ்னாரு, யாரும் போகல. திருப்பியும் கூப்புட்டாரு. கோயில் முழுக்க உன் அப்பாவத் திரும்பிப் பாத்துச்சு. அந்த மனுசன் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா நின்னு எத்தன பேர மெரட்டுனவரு, அன்னைக்கு எந்திரிச்சு, யாரு மூஞ்சியையும் பாக்காம வெளிய நடந்தாரு.

எங்க போயிருப்பான்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் கடைத்தெருவுக்கு ஓடுனோம். வெள்ளச் சட்டையோட, தலையில போட்ட முக்காட்டோட, ஹம்ஸியா தலைமாட்டுல உக்காந்து துணிய நனைச்சு நனைச்சு நெத்தியில போட்டுக்கிட்டு இருக்கா. அப்பா வாசல்ல நின்னே எந்திரின்னு கத்துனாரு. ஹம்ஸியாவோட உம்மா ஸித்தி ஸுபைதா வெளி ஆம்பளைங்க முன்னால வந்து நிக்காத மனுசி, அன்னைக்குக் கதவுக்கிட்ட வந்து, அண்ணே, உங்க புள்ளைய இழுத்துட்டுப் போயிறாதீங்க, காலையிலருந்து எங்க யாரு கையாலயும் குடிக்காதவ இது ஊட்டுன மல்லித் தண்ணிய முழுங்குனாண்ணேன்னு அழுதுச்சு. அப்பா வாசல விட்டுத் திரும்புனாரு. கடைப் பெஞ்சுல போயி உக்காந்துட்டாரு. பக்கத்துல மொய்தீன் மொதலாளி. பாங்கு சொன்னதும் அவரு எந்திரிச்சுத் தொழப் போனாரு, இவரு குனிஞ்சு தரையப் பாத்தாரு.

அகஸ்டினாவ அங்கயே விட்டுட்டுத்தான் வந்தோம். காய்ச்சல் விட்டதுக்கப்பறம்தான் அவளா வீட்டுக்கு வந்தா. ஹம்ஸியா உசுருக்குப் பயமில்ல, தலைமுடியெல்லாம் கொட்டிப் போச்சு, எடது காது மந்தம்ங்குறாங்க. ஆனா நம்ம வீட்டுலதான் காய்ச்சல் எறங்கல. அப்பா அவகூட பேசுறது இல்ல. உபதேசியார் வந்து, பீடத்துக்கு முன்னால மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கணும்னாரு. இவ, சொல்லாமப் போனதுக்குக் கேக்குறேன், போனதுக்குக் கேக்க மாட்டேன்னு நேருக்கு நேராச் சொல்லிட்டா. அந்தக் கொரல் எங்கருந்து வந்துச்சோ, எனக்கே புது ஆள் மாதிரி இருந்துச்சு. சாயங்காலச் செபத்துக்கு உக்காருறா, மாலை கையில உருளுது, ஒதடு அசையல. தனியா இருக்கையில, அங்க உக்காந்து என்னடி வேண்டிக்கிட்டேன்னு கேட்டேன். ஒண்ணும் வேண்டிக்கலம்மா, துணி நனைச்சுப் போட்டேன்னா. சாமிய விட்டுட்டாளா இல்ல வேற எப்புடியாவது புடிச்சுக்கிட்டு இருக்காளா, ஒண்ணும் புரியல ராசா, தூக்கம் வர மாட்டேங்குது.

முந்தாநாள் ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அப்பா எங்கள ரயில் ஏத்திவிட்டுட்டு, வேலை இருக்குன்னு பதுளையிலயே நின்னுட்டாரு. பொழுது சாயத்தான் வந்தாரு. கோட்டைக் கழட்டி மாட்டிக்கிட்டே, செவுத்தப் பாத்து, அந்தப் புள்ள எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிக்குதுன்னாரு. யாருக்கும் சொல்ற மாதிரி இல்ல, ஆனா வீட்டுல நானும் அவளுந்தான் இருந்தோம். அகஸ்டினா அடுப்படிக்குள்ள போயி மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதா. இவ்வளவு நடந்தும் அவ அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான். அப்பா தட்டுல சோத்தப் போட்டதும் அவதான், அவரு குனிஞ்ச தலை நிமிராமச் சாப்புட்டாரு, அவ்வளவுதான் இதுவரைக்கும்.

மாதா உன்னையக் காத்து, போற எடமெல்லாம் தொணையா வரட்டும். ரப்பர் காட்டுல அட்டை ஜாஸ்தின்னு சொல்றாங்க, காலுக்கு சுண்ணாம்பு தடவிக்க. ஒண்ணே ஒண்ணு மறக்காத, தங்கச்சிக்குப் புத்தி சொல்லி எழுதாத, அத எழுத இங்க நெறையப் பேரு இருக்காங்க. நீ ஹம்ஸியா எப்புடி இருக்கான்னு கேட்டு மட்டும் எழுது.

உன் நெனப்பாவே இருக்கும் அம்மா,
லூ. அருளாயி