களை எடுக்கும் பாட்டில் உன் பேர்

சுரம் பிடிக்க மலையேறி, சுரத்திடம் பிடிபட்டுப் போன என் சரோஜா அக்காவுக்கு,

இந்த மாதிரிச் சிலேடை உனக்குப் பிடிக்கும். நீ போனதிலிருந்து இதை நாக்கில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இங்கே சொன்னால் யாரும் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நீ இருந்தால் சிரித்துவிட்டு முதுகில் ஒன்று வைத்திருப்பாய். 'நீங்க' என்று கூப்பிட்டால் எனக்குக் காது கேட்காது என்று முதல் வாரமே சொன்னவள் நீ. அதனால் இப்போதும் 'நீ'தான்.

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எங்கள் மலைக்கு ஏறுவதற்குள்ளேயே தபால்காரருக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பேராசிரியர் கண்ணில் பட்டால் படட்டும். படவேண்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

உன் இடத்துக்கு ஓர் ஆள் வந்தார். பேர் ராகவன். சர்வகலாசாலையில் உன்னோடு சங்கீதம் படித்தவராம். அவரைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே, ஏன் அக்கா? சொல்ல ஒன்றும் இல்லையா, இல்லை சொல்லக் கூடாதது ஏதாவது இருந்ததா? நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து ஏறினாய். இவர் டோலியில் வந்தார். அடுத்தவர் தோளில் மலையேறுகிறவர் அடுத்தவர் உழைப்பில் பட்டமும் ஏறுவார் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். அவருக்குச் சங்கீதம் எவ்வளவு வருமோ தெரியாது. எனக்குச் சந்தேகம் நன்றாக வரும்.

எங்கள் பாட்டை எழுதி நீ வாங்க இருந்த டாக்டர் பட்டத்தின் சட்டதிட்டங்களை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். இதுவரை யாரும் எழுதாததை எழுத வேண்டுமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று பேராசிரியருக்குக் காட்ட வேண்டுமாம். மலையில் பிறந்தவளுக்கு மேலேற்றம் தெரியும், முன்னேற்றம் எதை வைத்து அளப்பார்கள் என்று கேட்டேன், அடுத்த சட்டத்துக்குப் போய்விட்டார். பாடுகிறவர் வாயில் வந்தபடியே, ஒரு சொல் மாறாமல் பாட்டை எழுத வேண்டுமாம். கடைசியில் பரீட்சைக்காரர்கள் முன்னால் நின்று, கேட்டதற்கெல்லாம் நேரில் பதில் சொல்ல வேண்டுமாம்.

"சரோஜாவாலே அது இனிமே முடியாதேம்மா," என்றார்.

ஆகவே உன் பேரை எடுத்துவிட்டார்கள். நீ எழுதி அனுப்பிய பாட்டெல்லாம் பேராசிரியரின் அலமாரியில் இருக்கிறதாம். சாமைக்காட்டில் களை எடுக்கும் பாட்டு மட்டும் பாதியில் நிற்கிறது. அதையும் கேட்டு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கும் வேலையைப் பேராசிரியர் இவரிடம் கொடுத்துவிட்டார். பட்டமும் இவருக்கே.

நீ வந்த அன்று அப்பா உன்னிடம், "சுரத்துக்குத்தானுங்களே டாக்டருக்குப் படிக்கிறீங்க?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ பெருமையாய் "ஆமாங்க" என்றாய். மறுநாள் காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் கூட்டம். நீ படிப்பது பாட்டின் சுரம் என்று விளக்கிப் பார்த்து, முடியாமல், உன் கொய்னா மாத்திரை டப்பாவைத் திறந்தாய். உனக்கே காய்ச்சல் வந்தபோது டப்பா காலி. இந்த ராகவன் தன் கொய்னாவைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். விவரமானவர்.

அவரைச் சோதிக்கலாம் என்று பாட்டைத் தப்பாகப் பாடிக் காட்டினேன். ஏறவேண்டிய இடத்தில் இறங்கினேன், இழுக்கவேண்டிய இடத்தில் வெட்டினேன். எழுதிக்கொண்டு "பேஷ்" என்றார். மறுநாள் வேறு விதமாய்ப் பாடினேன். அதற்கும் பேஷ். நீயாக இருந்தால் இரண்டாவது அடியிலேயே "திருட்டுக் கழுதை" என்று காதைத் திருகியிருப்பாய். ராகம் வாராத ராகவன் என்று பேர் வைத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டேன்.

பிறகு ஒரு காலையில், பலாமரத்தடியில் பென்சில் சீவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"தினம் ஒரு மாதிரி பாடறே. எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா சரோஜா பாதி எழுதி அனுப்பினது இதுலே ஒண்ணும் இல்லே. அது எப்போம்மா வரும்?"

என் சந்தேகம் போகவில்லை, இரட்டித்தது. காது இல்லாதவர் திருடினால் தப்பும் தவறுமாய்த் திருடுவார். இவர் சுத்தமாகத் திருடுவாரே. நேராகவே கேட்டுவிட்டேன்.

"புஸ்தகத்து மேல யாரு பேருங்க போடுவீங்க?"

"என் பேர்தான். ஒருத்தர் பேரைத்தான் போடலாம்."

"அக்கா பேரு?"

"முன்னுரையிலே நன்றி சொல்லுவேன்."

"முன்னுரைய யாருங்க படிப்பாங்க?"

சீவின பென்சிலையே மறுபடி சீவினார். பொய்யாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இவருக்குப் பாடவே கூடாது என்று அம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "பாடாட்டி அந்தப் புள்ள பட்ட பாடெல்லாம் அலமாரியிலயே கெடக்கும். பாடுனா இவருக்குப் போயிரும். எதுக்குக் கண்ணு உனக்கு மனசு வருது?" என்றாள். எதற்கும் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பாட்டின் வழக்கம் நினைவுக்கு வந்தது. முன்பாட்டுக்காரி அடிக்கு ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் "ஓ" கொடுத்தால்தான் அடுத்த அடி. வெயிலில் அசந்துபோகிறவளை உசுப்புவதற்கு வைத்தது. கலை எடுக்க வந்தவள் களை எடுக்கிறேன் என்று சாமைப் பயிரைப் பிடுங்கிப் போட்டாயே, அன்றைக்கு உன் பேரையும் கூப்பிட்டார்கள். நீ ஒரு "ஓ"வைக் கமகத்தோடு நீட்டி முழக்கினாய். வரிசையே சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டது.

அம்மாவின் காதில் போட்டேன். மறுநாள் எல்லோரும் காட்டில் இறங்கினோம். அவர் காகிதத்தோடு வரப்பில் உட்கார்ந்தார். அம்மா என்னைப் போல் மாற்றாமல் உண்மைப் பாட்டையே எடுத்தாள். மூன்று பேரைக் கூப்பிட்ட பிறகு, "சரோசா" என்று கூப்பிட்டாள். வாயில் வந்தபடியே எழுத வேண்டும் என்பது அவர் சொன்ன சட்டம். எழுதினால் புத்தகத்துக்குள் நீ. எழுதாவிட்டால் அது பாட்டே இல்லை. அவர் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. எழுதினார்.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. கூப்பிட்டால் பதில் வரவேண்டுமே அக்கா. யாரும் வாய் திறக்கவில்லை. குனிந்த முதுகெல்லாம் குனிந்தபடியே இருந்தன. நானும் ஒரு களையைப் பிடித்தபடி குனிந்துகொண்டேன். அம்மா மறுபடி கூப்பிட்டாள்.

"ஓ" என்று வரப்பிலிருந்து வந்தது. அவர்தான். சுருதி சேராத, உடைந்த குரல். அம்மா அடுத்த அடியை எடுத்தாள்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் உனக்காகப் பதில் சொன்னாரா, உன் இடத்தைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாரா? பாட்டு நின்றால் பட்டமும் நின்றுவிடும் என்று பயந்தாரா? கண்ணில் தூசி என்று துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். முந்தின நாள்தான் மழை, மண்ணெல்லாம் ஈரம். எங்கிருந்து வரும் தூசி?

அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். நான் இன்னும் அவரை முழுக்க நம்பவில்லை. பேராசிரியர் ஐயா, படிக்கிறீர்கள் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் பரீட்சைக்கு வந்து நிற்கும்போது, அந்தப் பாட்டில் வரும் சரோசா யார் என்று கேளுங்கள். நேரில் பதில் சொல்லட்டும்.

அக்கா, நான் ஒரு நாள் பட்டணம் வருவேன். அந்தப் புத்தகத்தை எடுத்து, உன் பேர் வரும் அடியைத் தேடுவேன். இல்லையென்றால் அங்கேயே நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி உன் பேரைக் கூப்பிடுவேன். இருந்தாலும் கூப்பிடுவேன். எப்படியானாலும் "ஓ" சொல்லப் போகிறவள் நான்தான். எனக்குக் கமகம் வராது, பொறுத்துக்கொள்.

உன்னோடு கூடப்பிறக்காத தங்கச்சி,
பொன்னாயி,
வளப்பூர் நாடு.