தின்னப்பட்ட எழுத்துகள்

கலைமான் கொடி நிழலில் நீலவரை நாடு முழுதாளும் இளநங்கைப் பிராட்டியாரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சர் அதிகன் மாறன் எழுத்து. மருதம்பேட்டைப் பள்ளிக் கண்காணி வில்லவதரையர் காண்க. உம் ஊர்க் கிணறுகள் ஊறுக. உம் ஊர்ப் பிள்ளைகள் வாழ்க. உமக்கான வாழ்த்தை ஓலையின் இறுதியில் காண்பீர்.

பேட்டைப் பள்ளிப் பிள்ளைகள் மந்தபுத்தியர், தேர்வில் ஒருவரும் தேறவில்லை, ஆகவே பள்ளியை மூடி அவர்களைச் சுண்ணாம்புக் காளவாய் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று நீர் விடுத்த விண்ணப்பம் திருமுன் படிக்கப்பட்டது. பிராட்டியார் அப்பள்ளி ஆசான் நக்கனை அழைப்பித்தார்.

நக்கன் வந்தான். தன் பிள்ளைகள் காளவாய்ப் புகையில் இருமுவதை வழிநெடுக மனக்கண்ணில் கண்டு வந்தவன், தன் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நடந்ததை மட்டும் சொன்னான். தாம்பாளத்தில் புத்தரிசி பரப்பி அதில் விரலால் எழுதச் சொல்வது இந்நாட்டுத் தேர்வு வழக்கம். சென்ற தேர்வில் பிள்ளைகள் பின்தங்கினர் என்று சொல்லி, பள்ளியில் ஊற்றிய பகல் கஞ்சியை நீர் நிறுத்தினீர். கஞ்சியின்றிக் காய்ந்த வயிற்றோடு வந்தவர்கள் முன் இம்முறை அரிசித் தட்டை வைத்தீர். அடடா, உம் அறிவை என்னென்பது!

முதலில் அமர்ந்தவள் குயவர் தெருச் செம்பி. தன் பெயரைப் பிழையற எழுதினாள். நீர் வெற்றிலை மடித்து வாயிலிட்டுத் திரும்புமுன், எழுதிய அரிசியை அள்ளி அவளும் வாயிலிட்டாள். அவளைக் கண்டு மற்றவர்களும் அவ்வாறே செய்தனர். தட்டுகளில் எழுத்தைக் காணாத நீர், எழுத்தறியாதவர் என்று முடிவு கட்டினீர். நக்கன் கேட்டபோது அவள் சொன்னதை, சொன்னபடியே பொறிக்குமாறு ஆணை:

"எழுதிட்டேன் ஐயா. பசி தாங்கல, பேரோட சேத்துத் தின்னுட்டேன்."

இதைக் கேட்டுப் பிராட்டியார் அழுதார். அழுது முடித்தபின் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவையே அஞ்சிற்று.

ஆதலால் ஆணை. இவ்வோலை கண்ட பொழுதே பேட்டைப் பள்ளியில் கஞ்சி அடுப்பு மூட்டப்படுக. பள்ளி மூடப்படாது. நீர் உணவொழித்து இன்றே புறப்படுக. உடன்வரும் காவலர் வழியில் தண்ணீர் மட்டும் தருவர். அரண்மனை முற்றத்தில் புத்தரிசி பரப்பிய தாம்பாளம் காத்திருக்கிறது. அதில் உம் பெயரை எழுதி, அதன் முன்னே அமர்ந்திருப்பீர். பிராட்டியார் வந்து பார்க்கும்போது பெயர் அங்கே இருத்தல் வேண்டும். அவர் எப்போது வருவார் என்று சொல்வதற்கில்லை.

தேறாதவருக்குக் காளவாய் என்பது நீரே வகுத்த விதி.

கலைமான் முத்திரை இடப்பட்டது. ஓலை கொணர்ந்த காவலர் உம் வாசலில் நிற்கின்றனர். நீர் வாழ்க.